5 வாரமாக ஒரு பேட்ச் டேப்புக்கும் ஸ்பேஸுக்கும் நடுவில் மாட்டிக்கிடக்கிறது, வழி சொல்லுங்கள்

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மழைமானி அளவுகளைப் பதிவு செய்யும் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் நிரல், சி மொழியில். கரண்ட் போய் வந்தால் கடைசி அளவு இரண்டு முறை பதிவாகிறது. ஆரியங்காவு பக்கம் மழை பிடித்துவிட்டால் இங்கே கரண்ட் படும் பாடு தெரிந்ததுதானே. அதைச் சரிசெய்து 40 வரியில் பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) அனுப்பினேன். இதுவரை 4 திருத்தம் ஆகிவிட்டது, பிழை உண்மையிலேயே தீர்ந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. பேட்சைப் பரிசீலிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு வரியின் தொடக்கத்தில் இடம் விட டேப் வேண்டும், 80 எழுத்துக்குள் வரி முடிய வேண்டும். இன்னொருவருக்கு 4 ஸ்பேஸ், வரி 100 வரை போகலாம். பழைய கோப்பிலோ இரண்டும் கலந்து கிடக்கிறது.

நிரலின் வடிவத்தைத் தானே சீராக்கும் கிளாங்-ஃபார்மட் கருவியை ஓட்டிப் பார்த்தேன், 40 வரி மாற்றம் 700 ஆனது, திருப்பிவிட்டார்கள், அது நியாயம்தான். அப்புறம் வடிவ மாற்றத்தைத் தனிப் பேட்சாகப் பிரித்தேன். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் பிளேம் வரலாறு கெடும் என்றார்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், 2019-இல் வந்த 2.23 முதலே அப்படிப்பட்ட கமிட்டை (பதிந்த மாற்றத்தை) பிளேமில் தவிர்க்க வழி இருக்கிறது என்று எழுதினேன், பதில் இல்லை. லினக்ஸ் கர்னலை உதாரணம் காட்டினேன், அதுதான் வினையாகிவிட்டது: அங்கே நிரல் பாணி ஆவணம் 80-ஐ விரும்புகிறது, பேட்சின் பாணியைச் சரிபார்க்கும் செக்பேட்ச் 2020-இலிருந்து 100 தாண்டினால்தான் எச்சரிக்கிறது, ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் தொட்ட ஃபங்ஷனில் ஏற்கனவே இருக்கும் பாணியிலேயே ஐந்தாவது தடவை அனுப்பட்டுமா, இல்லை முதலில் நீங்கள் இருவரும் ஒரு விதியை முடிவு செய்யுங்கள் என்று நிறுத்தி வைக்கட்டுமா?