ஆல்போ மான்ஸ்டெரா வளர்த்தவர்களே, மனத்தை விட்டு அகலாத ஓர் இலையைப் பற்றி எழுதுங்கள்

வெண்குருத்து:

பச்சை இலையில் வெள்ளைத் திட்டு விழும் மான்ஸ்டெராக் கொடியான ஆல்போவின் குணம் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு இலைகளுள்ள தண்டுத் துண்டாக வந்த செடி அது. ஐந்தாம் இலை நடுநரம்பை எல்லையாக வைத்துக் கோடு கிழித்தாற்போல் பாதி வெள்ளையும் பாதி பச்சையுமாக விரிந்தது. ஆறாம் இலையில் பச்சை ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. ஏழாம் குருத்து சுருண்டு நின்றபோதே அதில் பச்சை துளியும் இல்லை என்பது தெரிந்துவிட்டது; ஆனாலும் உள்சுற்றில் எங்காவது ஒளிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அது முழுமையாக விரிந்த மாலையில், வெளிச்சம் சாய்வாக விழும் சன்னலருகே செடியைத் திருப்பி வைத்துவிட்டு, இலைக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து விரல்களின் நிழலும் இலையின் முன்பக்கத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. கையை அசைத்தால் இலைக்குள் இன்னொரு கை அசைவதுபோல் இருந்தது. அப்போதே வெட்டியிருக்க வேண்டும். பச்சையம் இல்லாத இலை தனக்கான உணவைத் தானே தயாரிக்காது என்பதும், முழு வெள்ளைக்கு மாறிய நுனியைப் பச்சைக் கோடுள்ள கடைசிக் கணுவரை கழித்துவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

எட்டாம் இலையும் வெள்ளையாகவே வந்தது. ஆனால் ஏழாம் இலையில் பாதி அளவுகூட இல்லை. ஏழாம் இலை விரிந்த பத்தொன்பதாம் நாள் அதன் விளிம்பில் கடுகளவு பழுப்புப் புள்ளி தோன்றியது. ஒரு மாதத்துக்குள் விளிம்பு முழுவதும் தணலில் காட்டிய காகிதம்போல் ஆனது. அதே சமயத்தில் அடியில் இருந்த பழைய பச்சை இலை மஞ்சளாகிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. உழைத்துச் சம்பாதித்த கீழிலைகள் வாடிக்கொண்டிருக்க, உட்கார்ந்து தின்னும் மேலிலைகளின் அழகில் நான் மயங்கிக் கிடந்தேன். கடைசியில் ஐந்தாம் இலையின் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினேன். வெட்டுவாயைத் துடைத்துப் பார்த்தபோது தண்டின் ஒரு பக்கத்தில் மயிரிழைபோலப் பச்சைக் கோடு ஒன்று ஓடுவது தெரிந்தது. இப்போது நுனியில்லாத கட்டைதான் நிற்கிறது. இலையை இழந்தது பெரிதாகத் தோன்றவில்லை. அந்த மாலையில், தெரிந்தும் கத்தியைத் திரும்ப வைத்த கணம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

பாசிக்கம்பம்:

வருத்தம் தருகிற செய்திதான். ஆனால் இவ்வளவு எழுதியவர் செடிக்கு ஏறுகம்பம் இருந்ததா என்பதைச் சொல்லவே இல்லை. என் அனுபவம் கம்பத்தைப் பற்றியது. மூன்றாண்டுகள், ஈரப்பாசி சுற்றிய ஒரே கம்பத்தில் ஏறிய செடியை உயரமான புதிய கம்பத்துக்கு மாற்றுவதற்காகப் பிரித்தெடுத்தேன். காற்று வேர்கள் பாசிக்குள் இவ்வளவு தூரம் கிளைத்திருக்கும் என்று நினைக்கவில்லை. இழுத்தபோது கோணித்துணி கிழிவதுபோல் ஓசை கேட்டது. நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அடுத்த இலை உள்ளங்கையளவில், வளர்ந்த இலைக்குரிய ஒரு கிழிசலோ துளையோ இல்லாமல், நாற்றுப் பருவத்து இலைபோல் வந்தது. அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

மான்ஸ்டெரா டெலிசியோசா தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு கொடியின் நாற்றுகள் வெளிச்சத்தை விட்டு இருளை நோக்கி, அதாவது அருகிலுள்ள அடிமரத்தின் நிழலை நோக்கி ஊர்ந்து செல்கின்றன என்று 1975 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆகவே கம்பத்தை அலங்காரமாக எண்ண வேண்டாம். காற்று வேர் புறப்படும் பக்கம் கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும். இலைக்காம்பைக் கட்டாமல் தண்டைத்தான் கட்ட வேண்டும். பாசி காய்ந்து மொறுமொறுப்பாகும் வரை விடக் கூடாது, ஏனென்றால் காய்ந்த கம்பத்துக்குள் வேர் நுழையாது. கம்பம் போதாமல் போனால் பழையதைப் பிடுங்காமல் அதன் தலையில் இன்னொன்றைச் செருகி நீட்டிக்கொள்ளலாம்; நான் செய்யத் தவறியது அதுதான். வேரூன்றி ஏறிய செடியில்தான் இலை பெரிதாகும், கிழிசலும் துளையும் கூடும். இன்னொன்றும் சொல்கிறேன், முதலில் எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெளிச்சம் கூடினால் வெள்ளை கூடும் என்பது என் கணிப்பு. சன்னலை விட்டுத் தள்ளி வைத்திருந்தால் பச்சை திரும்பியிருக்கும்.

கணுக்கணக்கு:

கம்பத்தைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. ஆல்போவின் வெள்ளை நம் சன்னல் தீர்மானிப்பதன்று. ஒரே நுனியில் பச்சையம் உண்டாக்கும் செல்களும் உண்டாக்க இயலாத செல்களும் பக்கத்தில் பக்கமாக வாழ்கிற செடி இது. இப்படிப்பட்ட உயிர்களுக்குக் கைமீரா என்ற பெயரை 1907 இல் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் வைத்தார். வெள்ளை விளிம்புள்ள பெலர்கோனியச் செடிகளை ஆராய்ந்து, நுனியில் அடுக்கடுக்காக உள்ள செல்களின் வேறுபாடே காரணம் என்று 1909 இல் எர்வின் பாவுர் விளக்கினார். நுனியில் பச்சைச் செல்களின் பங்கு தேய்ந்துபோனால் வெள்ளை இலைதான் வரும். இருட்டில் வைத்தாலும் அது பச்சையாகாது. இருட்டில் வைப்பதால் நேர்வது வேறு: இருக்கிற கொஞ்சம் பச்சையும் உணவு தயாரிக்க வழியில்லாமல் செடி இன்னும் விரைவாகத் தளரும். திரையிட்ட நல்ல வெளிச்சம்தான் ஆல்போவுக்குத் தேவை. நேர் வெயில் மட்டும் வெள்ளைப் பகுதியைக் கருக்கிவிடும்.

இனி என் கதை. நீண்டு வளர்ந்த செடி ஒன்றை இரண்டாக வெட்டினேன். மேல்பாதியில் நான்கு இலைகளும் அருமையான வெள்ளைத் திட்டுகளோடு இருந்தன. அதை நான் வைத்துக்கொண்டேன். கீழே எஞ்சியது முற்றிலும் பச்சையான ஒரே இலை கொண்ட கட்டை. கேட்ட நண்பரிடம், இது சாதாரணப் பச்சைச் செடியாகத்தான் போகும் என்று பெருந்தன்மையோடு சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அவர் ஒரு படம் அனுப்பினார். அந்தப் பச்சை இலையின் காம்படியில் இருந்து புறப்பட்ட புதிய கிளையில் இரண்டு இலைகள், இரண்டும் சரிபாதி வெள்ளை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை பச்சையாக இருந்தாலும் மொட்டுக்கு நேர் கீழே, தண்டில், விரலளவு அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. வெட்டும்போது அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. நான் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் தண்டைப் பார்க்கவில்லை. என்னுடைய மேல்பாதியோ அதன்பின் பச்சை இலையாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து இலையை எண்ணுவதை விட்டுவிட்டுக் கணுவை எண்ணுகிறேன். கணுவில், காம்புக்கும் தண்டுக்கும் இடையே உறங்கும் கோணமொட்டு எந்த நிறப் பட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த நிறத்தில்தான் கிளை வரும் வாய்ப்பு அதிகம். பட்டைகளின் எல்லையில் உட்கார்ந்த மொட்டு கிடைத்தால் அதுவே நல்ல மொட்டு. தாய்லாந்தின் ஆய்வகத்தில் உருவான தாய் கான்ஸ்டலேஷன் என்ற இன்னொரு மான்ஸ்டெரா வகையில் பாலேட்டு நிறப் புள்ளிகள் ஏறக்குறைய எல்லா இலைகளிலும் தூவிவிட்டதுபோல் வருவதால், திசு வளர்ப்பில் அதை ஆயிரக்கணக்கில் பெருக்க முடிகிறது. ஆல்போவைப் பெரும்பாலும் கணுவாக வெட்டித்தான் பெருக்குகிறோம். விதையில் வெள்ளை தொடரும் என்றும் நம்ப முடியாது. முதலில் எழுதியவரிடம் ஒரே கேள்வி: அந்த மயிரிழைப் பச்சைக் கோடு மொட்டுக்கு நேராக ஓடுகிறதா, விலகி ஓடுகிறதா?

நீர்க்குவளை:

நீங்கள் எல்லோரும் கணுவைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசுவதைப் படிக்கையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் வாங்கிய துண்டில் கணுவே இல்லை. நீளமான காம்பும் அதன் தலையில் முக்கால் வெள்ளை இலையுமாக இருந்தது; விற்றவர் வேர்விடும் என்றார், அது பொய்யில்லை. கண்ணாடிக் குவளையில் காம்படியில் இரண்டு வெண்வேர்கள் வந்தன. தண்ணீரை வாரம் இருமுறை மாற்றினேன். பதினான்கு மாதம் அந்த ஒரே இலை அப்படியே இருந்தது. இரண்டாம் இலை எங்கிருந்து வரும் என்று தேடியபோதுதான், வருவதற்கு இடமே இல்லை என்பது விளங்கியது. காம்பின் நுனி மழமழவென்று வெட்டுப்பட்டிருந்தது; தண்டின் சிறு சீவல்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை. வேர் இருந்தது, இலை இருந்தது, மொட்டு இல்லை. அதைத் தூக்கிப்போட இன்னும் மனம் வரவில்லை.

உருப்பெருக்கி:

மேலே உள்ள சோகங்களுக்கெல்லாம் காரணம் தெரியும் என்பதே ஓர் ஆறுதல். என் செடியில் புதிய இலையின் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளிப்பூச்சு போன்ற கீறல்கள் இருந்தன; நிறத்தின் விளையாட்டு என்று இரண்டு வாரம் ரசித்தேன். ஒருநாள் தற்செயலாக உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், வெள்ளையும் பச்சையும் சேரும் எல்லையில் வெளிர்மஞ்சள் நிறத்தில் நூல்முனை போன்ற ஒன்று நிதானமாக நடந்து போனது. இலைப்பேன். ரசித்தது அத்தனையும் அது சுரண்டிய தடம்.

கேட்காமலே சொல்கிறேன், யாருக்காவது உதவும். கீறலின்மேல் பளபளப்பான கரும்புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இலைப்பேனின் எச்சம். அது முட்டையை இலையின் திசுவுக்குள் செருகிவைப்பதால் மேலே தெளிக்கும் மருந்து முட்டையைத் தொடாது. வளர்ந்த குஞ்சுகளில் பல மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாக இருப்பதால் இலையில் தெளிப்பது அவற்றையும் எட்டாது. ஆகவே ஒருமுறை தெளித்துவிட்டு வெற்றி என்று எண்ணுவதில் பொருளில்லை. முதலில் செடியைத் தனியே பிரித்து வையுங்கள். இலைகளின் இருபுறத்தையும் குழாய் நீரில் கழுவுங்கள். சோப்புக் கரைசலையோ வேப்பெண்ணெய்க் கரைசலையோ ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை எனச் சில வாரங்கள் விடாமல் தெளியுங்கள். குருத்தின் சுருளுக்குள்ளும் காம்பின் மடிப்புக்குள்ளும் கரைசல் போக வேண்டும். வெள்ளைத் திசு பச்சையைவிட எளிதில் புண்படும் என்பதால் முதலில் ஓரிலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள். எண்ணெய் தெளித்த செடியை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். நீல நிற ஒட்டுப்பொறி வளர்ந்த பூச்சிகளைப் பிடித்து, அவை இன்னும் இருக்கின்றனவா என்பதைக் காட்டும். அதை மட்டும் நம்பி இருந்தால் செடி போய்விடும். முதலில் எழுதியவர் பழுப்புப் புள்ளி என்று சொன்னதும்கூட இதுவாக இருந்திருக்கலாமோ என்று எனக்கு ஐயம் இருக்கிறது.

இளஞ்சிவப்பு:

உங்கள் வெள்ளையாவது உண்மையானது. நான் வாங்கியது இளஞ்சிவப்பு இலைக்காக விற்கப்பட்ட பிங்க் காங்கோ பிலோடெண்ட்ரான் என்ற வேறொரு செடி. புதிய இலைகள் அனைத்தும் முழு இளஞ்சிவப்பு. செடி நன்றாகவும் வளர்ந்தது, அதுதான் முதல் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். சில மாதங்களில் வந்த குருத்துகள் ஒவ்வொன்றும் பச்சை. பழைய சிவப்பு இலைகளும் ஒரு மழைக்காலச் சுவர்போலப் பச்சை பிடித்தன. வேதிப்பொருளால் தற்காலிகமாக வரவழைத்த நிறம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது நல்ல பச்சைச் செடி ஒன்று வைத்திருக்கிறேன். நான் கேட்டது அதை அல்ல.

வெண்குருத்து:

எழுதிய அனைவருக்கும் நன்றி. உருப்பெருக்கி அவர்களின் ஐயத்துக்காக வெட்டிய இலைகளைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கரும்புள்ளியோ வெள்ளிக் கீறலோ இல்லை. பாசிக்கம்பம் அவர்களே, கம்பம் இருந்தது, ஈரமாகவும் இருந்தது. நான் எழுத மறந்துவிட்டேன்.

கணுக்கணக்கு அவர்களின் கேள்விக்காக இன்று காலை கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்டின் மேல் காய்ந்திருந்த பழைய உறையை உரித்தபோது கைவிரல்கள் அரிக்கத் தொடங்கின. சேம்பின் குடும்பம் என்பதைச் செடி மறக்கவில்லை, நான்தான் கையுறை போட மறந்தேன். உறைக்கு அடியில் மொட்டு இருக்கிறது. சென்ற வாரம் தட்டையாக இருந்தது, இப்போது அரிசிமுனையளவு உப்பியிருக்கிறது. பச்சைக் கோடு அதற்கு நேராக ஓடவில்லை. மொட்டின் இடது விளிம்பை உரசிக்கொண்டு மேலே போகிறது. எல்லையில் உட்கார்ந்த மொட்டு என்று இதைச் சொல்லலாமா, அல்லது எல்லையைத் தாண்டி வெள்ளைக்குள் விழுந்துவிட்ட மொட்டா என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. படமெடுத்து வைத்திருக்கிறேன். குருத்தின் நுனி உறையைக் கிழித்ததும் எழுதுகிறேன். கத்தியைத் துடைத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.