தனியாக ஆடும் காட்டுப் பயண மினியேச்சர் விளையாட்டு: பயமே வரவில்லை, என்ன செய்யலாம்?

ஈரமண் எழுதியது:

வணக்கம். மூன்று மாதமாகத் தனியாகவே ஆடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மேசையின் மேல் மூன்றடிக்கு மூன்றடி பச்சைத் துணியை விரித்து, 28 மில்லிமீட்டர் அளவுள்ள ஏழு சிறு உருவங்களைக் காட்டுக்குள் அனுப்புகிறேன். தலைவர், நில அளவையாளர், செடிகொடிகளைச் சேகரிக்கும் பெண்மணி, வழிகாட்டி, சுமை தூக்குபவர்கள் மூவர். விதிகள் நானே எழுதியவை. ஒரு சுற்றில் ஆறு அங்குல நடை, புதருக்குள் மூன்று அங்குலம். களத்தில் எட்டு வட்டுகளைக் கவிழ்த்துப் போட்டிருப்பேன். யாராவது பக்கத்தில் போனால் வட்டைத் திருப்ப வேண்டும். சிறுத்தை இருக்கும், பாம்பு இருக்கும், இடிந்த கோயில் இருக்கும், ஒன்றுமே இல்லாமலும் இருக்கும்.

முதல் இரண்டு பயணங்கள் நன்றாக இருந்தன. நான்காவதில்தான் எனக்குப் பயமே இல்லை என்பதை உணர்ந்தேன். வட்டுகளைச் செய்தவன் நான். ஐந்து திரும்பிவிட்டால் மீதி மூன்றில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. போதாததற்கு மேலேயிருந்து பார்க்கிறேன். ஓடை எங்கே வளைகிறது, கோயில் எந்த மூலையில் இருக்கிறது, எல்லாம் கண்ணுக்கு முன்னால். என் ஆட்கள் ஒரு முறைகூட வழி தவறியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேற்று இரவு சிறுத்தை வெளிப்பட்டது. அதற்கு நான்கு அங்குலத்தில் செடி சேகரிக்கும் பெண்மணி, அதே நான்கு அங்குலத்தில் கடைசிச் சுமைக்காரர். சிறுத்தையை நகர்த்த வேண்டியவனும் நானே. சுமைக்காரர் மேல் பாய விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று படுக்கையில் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்மணிக்கு வண்ணம் தீட்ட ஒன்பது இரவு ஆனது. தொப்பியின் நாடாவில் மட்டும் மூன்று பச்சை. சுமைக்காரருக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஒளித்து வைப்பவனும் தேடுபவனும் ஒரே ஆளாக இருக்கும்போது காட்டைக் காடாக வைத்திருப்பது எப்படி? நீண்ட நாள் தனியாக ஆடியவர்கள் சொல்லுங்கள்.

---

தூரிகைமுனை எழுதியது:

ஈரமண், உங்கள் கேள்வியைப் படித்ததும் என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். என் ஐந்தாவது பயணத்தின் பக்கத்தில் "எல்லாம் சரியாக நடந்தது, எதுவும் நடக்கவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் நிற்பது அதே இடம்தான்.

வட்டில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். வட்டு வெறும் வட்டாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பன்னிரண்டு அங்குலத்துக்குள் வந்ததும் ஒரு சீட்டை எடுத்து வட்டின் அருகே திறந்து வையுங்கள். கறுப்பு என்றால் அங்கே ஏதோ அசைகிறது. சிவப்பு என்றால் அசையாத ஏதோ ஒன்று. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். அது என்ன என்பதைச் சொல்லும் இரண்டாவது சீட்டை, நான்கு அங்குலத்துக்குள் போய்க் கண்ணால் பார்க்கிற தூரம் வந்த பிறகே எடுக்க வேண்டும். எட்டு வட்டுக்கும் இரண்டிரண்டு எடுத்தாலும் பதினாறு சீட்டுதான் வெளியே வரும். மீதி 36 சீட்டில் எது எங்கே என்று கணக்குப் போட்டு உங்களால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

இந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில்தான் விளையாட்டு இருக்கிறது. காட்டில் முதலில் காதுக்குத்தான் செய்தி வரும், கண்ணுக்கு வெகு நேரம் கழித்துத்தான். கறுப்புச் சீட்டு விழுந்தால் போய்ப் பார்ப்பதா, சுற்றிப் போவதா என்று நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். சுற்றிப் போவதற்கும் ஒரு விலை வையுங்கள். என் களத்தில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், திறக்கப்படாத ஒவ்வொரு கறுப்பு வட்டுக்கும் ஒரு ஆறு முகப் பகடை உருட்டுவேன். ஐந்து அல்லது ஆறு விழுந்தால் அந்த வட்டு அருகில் இருக்கும் ஆளை நோக்கி ஆறு அங்குலம் நகரும். வட்டுதான் நகரும், மிருகம் அல்ல. அது இன்னும் என்னவென்று தெரியாது. பின்னால் ஏதோ வருகிறது என்ற உணர்வு அந்த நொடியில் உங்கள் முதுகில் ஏறும்.

மேலேயிருந்து பார்க்கிறீர்கள் என்றீர்களே, அதற்கு என் வழி திசைகாட்டி. தலைவர் மூன்று சுற்றுக்கு ஒரு திசையைச் சொல்லிவிட வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பகடை: ஒன்று விழுந்தால் இடப்பக்கம் 45 பாகை விலகல், ஆறு விழுந்தால் வலப்பக்கம். நில அளவையாளர் ஒரு சுற்று முழுக்க நின்று அளந்தால் விலகல் இல்லை. உங்கள் குழுவில் அவர் ஏன் இருக்கிறார் என்பதற்கு அன்றுதான் காரணம் கிடைக்கும். இது நான் கற்பனையில் பிடித்த விதி அல்ல. 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காட்டில் நேராக நடக்கச் சொல்லப்பட்டவர்கள் சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராகவே நடந்தார்கள். மேகம் மூடியிருந்தபோது வட்டமடித்து, தாங்கள் நடந்த தடத்தையே குறுக்கே கடந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. மழைக்காட்டின் தரையில் சூரியனை எங்கே தேடுவது?

களத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேசை முழுக்க ஒரே அடர்த்தியாகப் புதர் வைக்கிறோம், நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். உண்மையில் முதிர்ந்த மழைக்காட்டின் உட்பகுதியில் தரை ஓரளவு திறந்தே கிடக்கும். மேலே மரங்கள் கூரை போட்டுவிடுவதால் பெரும்பாலும் நூற்றில் இரண்டு பங்கு வெளிச்சம்கூடக் கீழே வராது, வெளிச்சம் இல்லாமல் புதர் எப்படி மண்டும்? நுழையவே முடியாத அடர்த்தி ஆற்றங்கரையில் இருக்கும், பெரிய மரம் ஒன்று விழுந்து வானம் திறந்த இடத்தில் இருக்கும். அந்த இரண்டு இடங்களில் மட்டும் மீன்தொட்டிக்கான பிளாஸ்டிக் செடிகளை நெருக்கமாக நடுங்கள். மற்ற இடத்தில் பருத்த அடிமரங்கள், பலகை போல் விரிந்த வேர்கள், உதிர்ந்த இலை, இடைவெளி. இருட்டில் திறந்து கிடக்கும் இடம் புதரைவிட அதிகமாக மிரட்டும். கையை விட்டு உருவங்களை நகர்த்தவும் வசதி. ஒரு பயன் இன்னொரு பயனைக் கொண்டுவருகிறது.

சிறுத்தை விஷயம் பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்வார்கள். பெயர் மட்டும் வைத்துவிடுங்கள், மூவருக்கும்.

---

மூன்றாம்சுற்று எழுதியது:

சிறுத்தை பற்றி நான் சொல்கிறேன். மிருகத்தின் முடிவை உங்கள் கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். 2018 இல் வெளிவந்த ரேஞ்சர்ஸ் ஆஃப் ஷேடோ டீப் தனி ஆளுக்காகவும் கூட்டாக ஆடுபவர்களுக்காகவும் எழுதப்பட்ட விதிநூல். அதில் ஒரு சுற்றுக்கு நான்கு கட்டங்கள்: ரேஞ்சர் (ஆடுபவரின் முதன்மை வீரர்), மிருகங்கள், துணைவர்கள், கடைசியாக நிகழ்வுச் சீட்டு. மிருகங்களின் கட்டத்தில் ஆடுபவருக்கு விருப்பம் என்று ஒன்றும் கிடையாது. விதி சொல்லும் வரிசைப்படி அவை நடந்துகொள்ளும். கதைக்களம் உங்களுடையது வேறு, ஆனால் அந்த ஒழுங்கைக் கடன் வாங்கலாம். உங்களுக்கு இரண்டே வரி போதும். அருகில் இருப்பவரை நோக்கிப் பாயும். தூரம் சமமானால் பகடை, ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம் இருப்பவர். எழுதி மேசையின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். பாய்வதற்கு முன்னால் அதை வாய்விட்டுப் படியுங்கள். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

திசைகாட்டி விஷயத்தில் தூரிகைமுனையுடன் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு சுற்றும் விலகலுக்கு ஒரு பகடை, வட்டுக்கு ஒரு பகடை, காய்ச்சலுக்கு ஒரு பகடை என்று போனால் பன்னிரண்டு சுற்றுக்குள் கை ஓய்ந்துவிடும். வழிகாட்டி உயிரோடு இருக்கும்வரை விலகல் இல்லை, அவர் விழுந்த பிறகுதான் பகடை என்று வையுங்கள். ஒருவர் போனதும் காடே மாறிப்போவது அப்போதுதான் உறைக்கும்.

---

கரையோரன் எழுதியது:

உங்கள் வட்டுப் பட்டியலில் அந்தக் காட்டு மக்களைத் தாக்கவரும் எதிரியாக வைக்கவில்லை. அதற்கு முதலில் நன்றி. பல பழைய விதிகளில் அது இல்லாமல் இருக்காது. அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது நம் குழு.

இதை எப்படி ஆடுவது என்று நான் கற்றுக்கொண்டது ஒரு உண்மையான பயணத்திலிருந்து. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் பிரேசில் ராணுவ அதிகாரி காண்டிடோ ரோண்டோனும் 1914 பிப்ரவரி இறுதியில், எங்கே போய்ச் சேர்கிறது என்றே தெரியாத ஓர் ஆற்றில் இறங்கினார்கள். 22 பேர், மரத்தைக் குடைந்து செய்த ஏழு தோணிகள். நீர்வீழ்ச்சிகளிலும் ஆற்றின் வேகப் பாய்ச்சலிலும் தோணிகளை இழந்து, கரையில் மரம் வெட்டிப் புதிதாகக் குடைந்தார்கள். ஏப்ரல் இறுதியில் மறுபக்கம் வந்து சேர்ந்தவர்கள் 19 பேர். ஒருவர் பாய்ச்சலில் மூழ்கினார், ஒருவரைக் குழுவில் இருந்தவரே சுட்டுக் கொன்றார், கொன்றவர் காட்டிலேயே விடப்பட்டார். ரூஸ்வெல்ட் காலில் புண்ணும் காய்ச்சலுமாகச் சாவின் விளிம்புக்குப் போய் வந்தார். மூவரில் ஒருவரைக்கூட மிருகம் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் காட்டின் மக்கள் கரையிலிருந்து குழுவைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். குழு அவர்களை நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை. ஒரு நாள் முன்னால் ஓடிய ரோண்டோனின் நாய் அம்பு பட்டு இறந்தது. ரோண்டோன் அவர்களை நோக்கிச் சுடவில்லை, அந்த இடத்தில் பரிசுப் பொருள்களை வைத்துவிட்டு வந்தார். "தேவைப்பட்டால் சாவோம், ஒருபோதும் கொல்ல மாட்டோம்" என்பதுதான் அவர் தன் ஆட்களுக்கு வகுத்த நெறி.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த விதி ஒன்று. சிவப்பு ராஜா விழுந்தால் களத்தில் எந்த உருவமும் வைக்கக் கூடாது. அணைந்து சூடாறாத அடுப்பு ஒன்று, அவ்வளவுதான். அங்கே ஒரு மூட்டை உணவை விட்டுவிட்டுப் போனால் அடுத்த மூன்று சுற்றுக்குக் கறுப்பு வட்டுகள் எதுவும் நகராது. விடாமல் போனால் எல்லாம் இரட்டை வேகத்தில் நகரும். மூட்டைகளை எண்ணிக் கொடுங்கள். ஏழு பேருக்கு நான் பத்து மூட்டை தருவேன், மூன்று சுற்றுக்கு ஒன்று தீரும்.

---

ஈரமண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஆடினேன், விடிய இரண்டு மணி ஆகிவிட்டது.

முதலில் பெயர் வைத்தேன். சுமைக்காரர்கள் மூவரையும் விளக்கருகே வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கடைசியில் நிற்பவரின் இடது தோள் மற்ற இருவரைவிடத் தாழ்ந்திருப்பதைக் கண்டேன். வார்ப்பில் வந்த சாய்வு, இத்தனை நாள் கவனிக்கவில்லை. அவருக்கு மாரி என்று பெயர். மற்றவர்கள் சேந்தன், பொன்னன். செடி சேகரிப்பவர் கோதை.

விலகலுக்கு மூன்றாம்சுற்று சொன்னபடியே வைத்தேன். ஐந்தாவது சுற்றில் வழிகாட்டி ஓடையில் இறங்கும்போது பகடையில் ஒன்று விழுந்து கணுக்கால் பிசகியது. அவரும் விழுந்தவர் கணக்குதான் என்று வைத்தேன், அதன் பிறகு விலகல் தொடங்கியது. ஆறாவது சுற்றில் இடப்பக்கம், எட்டாவதில் மறுபடி இடப்பக்கம். கோயில் எங்கே என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் என் ஆட்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கை துறுதுறுத்தது. தொடவில்லை.

ஓடைக்கு அப்பால் ஒரு வட்டு. முதல் சீட்டு கறுப்பு ஒன்பது. நான் ஒதுங்கிப் போனேன். அது பின்தொடர்ந்தது. மூன்று சுற்றில் இரண்டு முறை நகர்ந்து, கடைசியில் கோதைக்கும் மாரிக்கும் நடுவில், இருவருக்கும் ஐந்து ஐந்து அங்குலத்தில் வந்து நின்றது. அளவு நாடாவை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். வட்டு நகருமா என்று சொல்லும் அடுத்த பகடை கையில் இருந்தது. ஒட்டி வைத்த வரியை வாய்விட்டுப் படித்தேன். உருட்டினேன். இரண்டு. அது நகரவில்லை.

நான்கு மூட்டை மிச்சம், வழிகாட்டியால் நடக்க முடியாது. அவரைத் தாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மாரி ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவருக்குத் தோள் கொடுத்தார். அந்தத் தாழ்ந்த தோள். கோயிலைப் பார்க்காமலே களத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள், ஏழு பேரும்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்தக் கறுப்பு வட்டின் இரண்டாவது சீட்டை நான் எடுக்கவே இல்லை. அது என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. அடுத்த முறை கட்டைக் கலைக்கும்போது அந்தக் கறுப்பு ஒன்பதையும் சேர்த்துவிடலாமா?

---

தூரிகைமுனை எழுதியது:

சேர்க்காதீர்கள். அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த பயணத்தின் முதல் சுற்றில் அதே ஓடைக்கரையில் அதே வட்டைப் போடுங்கள். அது அங்கேதான் இருக்கிறது. வழிகாட்டியின் கணுக்காலுக்கு எத்தனை நாள் ஓய்வு கொடுக்கப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.