மறு: எச்டி காமிராவுக்கு 'நுண்வரி' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எச்டி (High Definition) காமிராவைத் தமிழில் எப்படி அழைப்பது என்று இங்கே பேசிவருகிறோம். நேர் மொழிபெயர்ப்பான 'உயர் வரையறைக் காமிரா' வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். வரையறை என்றால் ஒன்றுக்கு எல்லை வகுத்துச் சொல்வது. படத்துக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. ஆனால் இங்கே பலரும் ஆதரிக்கும் 'மிகுதெளிவு' எனக்கு உறுத்துகிறது.

ஒருமுறை பேட்டி ஒன்றைப் பதிவு செய்தேன். காமிராவின் உள்ளங்கை அளவுத் திரையில் பேசுபவர் முகம் பளிச்சென்று இருந்தது. எடிட்டிங்கில் பெரிய திரையில் போட்டால் காதோர முடி இழை இழையாகத் தெரிகிறது, கண்கள் மங்கல். ஃபோகஸ் நாலு விரல் பின்னால் போயிருக்கிறது. அதுவும் எச்டி படம்தான், தெளிவுதான் இல்லை. லென்சும் ஃபோகஸும் தர வேண்டிய தெளிவைக் காமிரா வகையின் பெயரில் ஏற்றினால் புதிதாகக் கற்பவர் குழம்புவார்.

சரி, எதை வைத்துப் பெயரிடுவது? தொழிலில் நாம் எண்ணுவது வரிகளை, அதாவது படத்தை மேலிருந்து கீழாக அடுக்கும் கிடைக்கோடுகளை. பழைய தொலைக்காட்சியின் 625 வரி முறையில் படம் தாங்கியவை 576. எச்டியில் 720 அல்லது 1080. அதே உயரத்தில் வரிகள் கூடினால் ஒவ்வொரு வரியும் நுணுகுகிறது. அதனால்தான் 'நுண்வரி' என்கிறேன்.

விலை குறைந்த காமிராக்கள் வந்த வழியும் இதற்குத் துணை. 2003இல் சோனி, ஜேவிசி, கேனான், ஷார்ப் நான்கும் சேர்ந்து எச்டிவி (HDV) என்ற நாடாப் பதிவு வடிவத்தை அறிவித்தன. வீட்டுக் காமிராவில் ஓடிய அதே சிறிய டிஜிட்டல் நாடாவில், நொடிக்குச் சுமார் 25 மெகாபிட்டில் 1080 வரிப் படம் அடங்க வேண்டும். எதைக் குறைத்தார்கள்? வரிக்கு 1920 புள்ளி (பிக்சல்) என்பதை 1440 ஆக்கி, காட்டும்போது அகலவாக்கில் இழுத்துக்கொண்டார்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறியதை மட்டும் பெரும்பாலும் எழுதினார்கள். வரிகளில் கை வைக்கவில்லை. விலை மிகுந்த, தொழில்முறைப் பதிவுக்கான எச்டிகேம் (HDCAM) நாடாவிலும் இதே 1440 புள்ளிதான், இதே 1080 வரிதான்.

இந்தச் சொல் குடும்பமாகவும் வளரும். ஒற்றைப்படை வரிகளை முதலில், இரட்டைப்படையை அடுத்து என்று மாற்றி மாற்றிக் கோக்கும் 1080ஐ (1080i) 'பின்னல்வரி'. மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் வரும் 1080பி (1080p) 'தொடர்வரி'. தோளில் வைத்து எடுப்பதானாலும் கையில் அடங்குவதானாலும் 'நுண்வரிக் காமிரா' என்று சொல்ல நாக்கு தடுக்கவில்லை.

ஒரு குறை உண்டு. எச்டிக்கு அடுத்து வந்த 4கேயில் (4K) எண்ணிக்கை அகலவாக்கிலான புள்ளிகளுக்குப் போய்விடுகிறது. அங்கே இந்தச் சொல் செல்லாது. புள்ளியை வைத்து யாராவது யோசித்திருந்தால் எழுதுங்கள்.