பழைய ஸ்டீல் ஃபிரேம், கையில் கிடைத்த பாகங்கள்: தினமும் ஓட்ட ஒரு சைக்கிள் தேறுமா?

ஒன்பது கிலோமீட்டர்

எல்லோருக்கும் வணக்கம். மாமா ஓட்டிய பத்து கியர் ரேஸ் சைக்கிள் ஒன்று மாடிப்படிக்குக் கீழே வருடக்கணக்கில் கிடந்து இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஸ்டீல் ஃபிரேம், பெயின்ட் உரிந்திருக்கிறது, ஆனால் ஓட்டை விழும் அளவுக்குத் துரு இல்லை. அதோடு வந்த சக்கரங்கள் 27 அங்குலம், குரோம் பூசிய இரும்பு ரிம், பின் சக்கரம் எட்டு போட்டுக் கிடக்கிறது.

இன்னொரு பக்கம், ஃபிரேம் விரிசல் விட்ட என்னுடைய பழைய ஹைபிரிட் சைக்கிள் இருக்கிறது. அதிலிருந்து 700சி அலுமினிய சக்கரங்கள் இரண்டு, 8 கியர் கேசட் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு), பின் டெரைலர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்), மூன்று பல்சக்கரம் உள்ள கிராங்க், நேரான ஹேண்டில்பார், வி-பிரேக்கும் அதன் கைப்பிடிகளும் கழற்றி வைத்திருக்கிறேன்.

இரண்டையும் சேர்த்து ஒரு சைக்கிள் ஆக்க முடியுமா? வேலைக்குப் போக 9 கி.மீ., வர 9 கி.மீ., மழையிலும் ஓட்ட வேண்டும், பின்னால் ஒரு பை ஏற்ற வேண்டும். புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் போ என்று வீட்டில் சொல்கிறார்கள், அந்தப் பதில் மட்டும் வேண்டாம். பஞ்சர் ஒட்டுவேன், செயின் மாற்றியிருக்கிறேன், அதற்கு மேல் அனுபவம் இல்லை.

கிரீஸ் கை

தேறும். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஸ்கேலை எடுங்கள். இந்த வேலையில் பாதிப்பேர் சிக்கிக்கொள்வது ஸ்பேனரில் இல்லை, அளவில்தான்.

முதலில் ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், இதற்குக் கருவி வேண்டாம், ஒரு நூல் போதும். பின் அச்சு உட்காரும் பிளவில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கப் பிளவில் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் என்றால் கவலை இல்லை. அப்புறம் முன் குழாய் மற்றக் குழாய்களோடு சேரும் இடத்துக்குப் பின்னால், அடிப்பக்கத்தில், விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கி ஒரு மடிப்பு மாதிரி தட்டுப்பட்டால் அந்த ஃபிரேம் எப்போதோ நேராகப் போய் எதிலோ மோதியிருக்கிறது, அதில் மேற்கொண்டு உழைக்காதீர்கள்.

அந்த இரும்பு ரிம்களை மறந்துவிடுங்கள். காய்ந்த ரோட்டில் பரவாயில்லை, நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். உங்கள் கையில் அலுமினிய ரிம் இருப்பதே இந்த வேலையைச் செய்ய நல்ல காரணம். பெயரில்தான் குழப்பம் வரும்: 27 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தில் 630 மி.மீ. விட்டம், 700சி என்பது 622. டயரின் பக்கவாட்டில் 32-622 என்பது போல அச்சிட்டிருப்பார்கள், அந்த எண்ணை மட்டும் நம்புங்கள். 28 அங்குலம் என்று எழுதிய டயரிலேயே 622-ம் உண்டு, 635-ம் உண்டு, ஒன்று மற்றதில் ஏறாது. உங்கள் விஷயத்தில் ரிம் சுற்றிலும் 4 மி.மீ. உள்ளே போகிறது, அதாவது பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பழைய காலிப்பர்களில் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் பழைய வகை பிரேக்) கட்டை மாட்டும் நீள ஓட்டை பெரும்பாலும் இடம் கொடுக்கும், கட்டையைத் தளர்த்தி இறக்கிப் பாருங்கள்.

வி-பிரேக் கைப்பிடியை அந்தக் காலிப்பரோடு சேர்க்காதீர்கள். வி-பிரேக் கைப்பிடி ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிள் இழுக்கும். காலிப்பரில் போட்டால் பிடி கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஏதோ நல்ல பிரேக் என்று தோன்றும், ஆனால் சைக்கிள் நிற்காது. காலிப்பர் கைப்பிடியை வி-பிரேக்கில் போட்டாலும் ஆபத்துதான், கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். வி-பிரேக் ஏறுவதற்கு உங்கள் ஃபிரேமில் குமிழ் பற்றவைத்திருக்க மாட்டார்கள். ஆகவே காலிப்பர் அப்படியே இருக்கட்டும், குறைந்த கேபிள் இழுக்கும் நேர் ஹேண்டில்பார் கைப்பிடி ஒரு ஜோடி மட்டும் தேடுங்கள்.

பின் பிளவுகளுக்கு இடையே உள் அகலம், பின் சக்கர அச்சில் இரண்டு பக்க நட்டுக்கு இடையே அகலம், பெடல் அச்சு போகும் அடிக்குழாயின் அகலம், சீட் கம்பியின் விட்டம் (0.2 மி.மீ. கூட வித்தியாசப்படுத்தும், வெர்னியர் கேட்டு வாங்குங்கள்). இந்த நான்கையும் அளந்து போடுங்கள், பிறகு பேசலாம்.

ஒரே பல்

கியர் எதற்கு? ரோடு சமதளம் என்றால் முன்னால் 42 பல், பின்னால் 17 பல் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஒரு மிதிக்கு 5.3 மீட்டர் போகும், நிமிடத்துக்கு 75 மிதி என்றால் மணிக்கு 24 கி.மீ. பக்கம். பழைய ஃபிரேமில் அச்சுப் பிளவு கிடைமட்டமாக இருக்கும், சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை டைட் செய்துகொள்ளலாம். புது ஃபிரேம்களில் பிளவு செங்குத்து, தனியாகச் செயின் டென்ஷனர் மாட்ட வேண்டும். மழையில் துடைக்க டெரைலர் இல்லை, திருகிச் சரிசெய்ய ஒன்றுமில்லை. ஆறு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஒன்பது கிலோமீட்டர்

நன்றி கிரீஸ் கை அண்ணே. நூல் இரண்டு பக்கமும் ஒரே தூரம், மடிப்பும் இல்லை. பின் பிளவு 126 மி.மீ., ஹைபிரிட் சக்கரம் 135. அடிக்குழாய் 68. சீட் கம்பி 26.4.

ஒரே பல்: வழியில் இரண்டு மேம்பாலம், ஒரு நீண்ட ஏற்றம். முதுகு வியர்த்து வேலைக்குப் போய் உட்கார மனமில்லை.

பெடல் அச்சின் (பிபி) இடது பக்கக் கப் கழன்று வந்துவிட்டது. செயின் பக்கத்துக் கப் அசையவே மாட்டேன் என்கிறது. இரண்டு நாளாக முழு பலத்தோடு இடப்பக்கம் திருகுகிறேன், ஸ்பேனர் வழுக்கிக் கை கிழிந்ததுதான் மிச்சம்.

நட்டு போல்ட்

நிறுத்துங்கள்! இரண்டு நாளாக அதை இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். 68 அகலம் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ் மரை, செயின் பக்கம் இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். (இத்தாலிய ஃபிரேம் என்றால் அகலம் 70, இரண்டு பக்கமும் வலது மரை. பழைய பிரெஞ்சு ஃபிரேம் 68-ஆக இருந்தும் இரண்டு பக்கமும் வலது மரை. ஃபிரேம் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் இன்னொரு வழி இருக்கிறது. தடித்த போல்ட் ஒன்றைக் கப்பின் நடு ஓட்டை வழியாக வெளியிலிருந்து விட்டு, இரண்டு பக்கமும் பெரிய வாஷர் கொடுத்து, உள்ளே நட்டு போட்டுக் கப்பை நடுவில் கவ்வப் பிடியுங்கள். பிறகு போல்ட் தலையைக் கடிகாரத் திசையில் இறுக்கிக்கொண்டே போனால், இறுகி முடிந்ததும் கப்பும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். இங்கிலீஷ் மரைக்கு அது கழலும் திசை. பெடலிலும் இதே கதைதான், இடது பெடல் இடது மரை.

திரும்பப் போடும்போது எல்லா மரையிலும் கிரீஸ். சீட் கம்பி, ஹேண்டில் கம்பி உள்ளே போகும் குழாயிலும் கிரீஸ், முக்கியமாக ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியக் கம்பி என்றால். ஈரம் பட்டு இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும், நான் ஒன்று அறுத்திருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

கிரீஸ் கை

126-க்குள் 135. ஸ்டீல் ஃபிரேமை விரிக்கலாம், அலுமினியத்தையும் கார்பனையும் தொடவே கூடாது. ஆனால் 9 மி.மீ. விரிப்பதை நான் செய்ய மாட்டேன். சக்கரத்தைப் பாதி வழிக்குக் கொண்டுவாருங்கள்: ஹப்பின் (சக்கரத்தின் நடுப் பாகம்) இடது பக்கம் நட்டுக்கும் கோனுக்கும் (பேரிங்கைத் தாங்கும் கூம்பு) இடையே உள்ள ஸ்பேசரில் 5 மி.மீ. எடுத்துவிட்டால் அகலம் 130. ரிம் இப்போது நடுவில் இருக்காது, ஆகவே வலது ஆரக்கால்களை இறுக்கி இடது பக்கத்தைத் தளர்த்தி ரிம்மை 2.5 மி.மீ. வலப்பக்கம் கொண்டுவர வேண்டும். கோட்டம் எடுத்துப் பழக்கம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுங்கள். குவிக் ரிலீஸ் அச்சு என்றால் நீளத்திலும் 5 மி.மீ. அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சு பிளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஸ்கியூவர் (அச்சுக்குள் போகும் லீவர் வைத்த கம்பி) ஃபிரேமைக் கவ்வாது.

அப்புறம் ஃபிரேமை 4 மி.மீ. மட்டும் விரித்தால் போதும், பக்கத்துக்கு 2. ஒரு பக்கம் மட்டும் வளைந்து மறுபக்கம் அப்படியே நிற்கும் வாய்ப்பு உண்டு, அதனால் விரித்த பிறகு மறுபடியும் அதே நூல். இரண்டு பிளவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சாய்ந்திருந்தால் அச்சு வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும்.

நட்டு போல்ட்

4 மி.மீ.-க்கு விரிக்கவே தேவையில்லை என்பது என் கட்சி. கையால் இழுத்துப் பிடித்துச் சக்கரத்தை உள்ளே தள்ளினால் உட்காரும். பஞ்சர் ஆகும்போது கொஞ்சம் திட்டிக்கொண்டே மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கிரீஸ் கை

திட்டுவது நீங்கள் இல்லையே, மழையில் ரோட்டோரம் நிற்கப்போவது அவர்தானே.

மட்கார்ட்

யாரும் ஹேண்டில்பாரைப் பற்றிச் சொல்லவில்லை, எனக்குப் பல் போனது அங்கேதான். உங்கள் பழைய ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) கவ்வும் இடம் 25.4-ஆகவும் இருக்கலாம், 26.0-ஆகவும் இருக்கலாம். ஹைபிரிட் பார் 25.4 அல்லது 31.8. பின்னது ஏறவே ஏறாது, அதில் பிரச்சினை இல்லை. 26.0 ஸ்டெமில் 25.4 பார் ஏறும், இறுக்கினால் நிற்பது போலவும் தெரியும். நான் அப்படித்தான் மாட்டி இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு பள்ளத்தில் இறங்கி முன் பிரேக் பிடித்தபோது பார் அப்படியே கீழே சுற்றிவிட்டது. 0.6 மி.மீ. தான். அளக்காமல் மாட்டாதீர்கள்.

கியருக்கு வருகிறேன். கிராங்கில் நடு வளையம் 38 பல்லாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதை மட்டும் வைத்துக்கொண்டு முன் டெரைலரை மறந்துவிடலாம். பின்னால் 11 முதல் 32 வரை என்றால் மேம்பாலத்துக்கும் போதும், இறக்கத்துக்கும் போதும். பெரிய வளையத்தைச் செயின் வெளியே விழாமல் தடுக்க அப்படியே விடுங்கள். பிபி அச்சின் நீளத்தைக் கிராங்குக்கு ஏற்றபடி எடுங்கள், நடு வளையம் கேசட்டின் நடுவுக்கு நேராக வர வேண்டும். ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) ஷிமானோ 8 கிளிக் என்றால் ஷிமானோவின் 7, 8, 9 கியர் டெரைலர் எதுவும் அதோடு பேசும். ஸ்ராம் கம்பெனியின் சொந்தக் கேபிள் இழுப்பு வேறு, கலக்காதீர்கள். ஃபிரேமோடு வந்த பழைய கிளிக் இல்லாத லீவர் இன்னும் இருந்தால் அதையே போடுங்கள், எந்த டெரைலரோடும் எந்தக் கேசட்டோடும் வேலை செய்யும், காதால் கேட்டுச் சரிசெய்ய ஒரு வாரத்தில் பழகிவிடும்.

தினமும் ஓட்டப் போகிறவர் என்பதால் இன்னொன்று. டயர் வாங்கும் முன் மட்கார்டை வைத்துப் பாருங்கள். 630-லிருந்து 622-க்கு வந்ததில் 4 மி.மீ. இடம் கிடைத்திருக்கிறது, 32 டயரும் மட்கார்டும் சேர்ந்து நுழைய நல்ல வாய்ப்பு. கேரியருக்கு ஃபிரேமில் ஓட்டை இல்லையென்றால் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு மாட்டலாம், பை கனமில்லையென்றால் தாங்கும்.

ஒன்பது கிலோமீட்டர்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். கப் போல்ட் வைத்தியத்தில் கழன்றது, "டக்" என்று ஒரு சத்தம், வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சக்கரத்தை 130-க்குக் கொண்டுவந்து கோட்டம் கடையில் எடுத்தேன். ஃபிரேமை விரிக்கவில்லை, இழுத்து மாட்டுகிறேன் (கிரீஸ் கை அண்ணே மன்னிக்கவும்). ஸ்டெம் 26.0-தான், அதற்கு ஏற்ற பார் தேட இரண்டு வாரம் ஆனது. பழைய லீவரையே வைத்துக்கொண்டேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறது.

ஒரே ஒரு தொல்லை. செயின் புதிது போட்டேன். பின்னால் இரண்டு பல்லில் மட்டும், நின்று மிதித்தால் செயின் தாவுகிறது, மற்றதில் ஒன்றும் இல்லை. லீவரை எவ்வளவு நகர்த்தினாலும் போகவில்லை.

நட்டு போல்ட்

ஹைபிரிட்டில் அதிகமாக ஓட்டியது அந்த இரண்டில்தானே? பழைய செயின் இன்னும் கையில் இருந்தால் அளந்து பாருங்கள், முள் நடுவிலிருந்து முள் நடுவு வரை 24 முள் இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும்.

ஒன்பது கிலோமீட்டர்

12-ஐத் தாண்டி ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆமாம், அந்த இரண்டில்தான் எப்போதும் ஓட்டுவேன்.

நட்டு போல்ட்

பல் தேய்ந்துவிட்டது. கேசட்டும் மாற்றுங்கள், ஷிமானோ வகை ஹப் என்றால் ஷிமானோ, ஸ்ராம் 8 கியர் எதுவும் அதில் ஏறும். அடுத்த செயினைப் பதினாறில் ஒரு பங்கு நீண்டதுமே கழற்றிவிடுங்கள்.