ஆவணங்களுக்கு மார்க்டவுன் ஒன்றே போதுமென்றால் அந்தக் குழாய்க்குறிக்கு யார் பதில் சொல்வது?

ஏட்டுச்சுவடி: "மென்பொருள் ஆவணங்கள் பழையனவாகிப் போவதற்கு ஒரே காரணம், எழுதக் கடினமான வடிவங்கள்தாம், எல்லாவற்றையும் மார்க்டவுன் என்னும், எளிய குறிகள் கொண்ட வெற்றுரை வடிவத்துக்கு மாற்றிவிட்டால் யாரும் திருத்துவார்கள், சிக்கல் தீர்ந்தது" என்று தென்றல் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். பதினோரு ஆண்டுகளாகக் கையேடு எழுதுவதே என் தொழில். நான் முன்பு பணிபுரிந்த நிறுவனத்தில் இரண்டு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை இருந்தது: இடப்பக்கம் செயல், வலப்பக்கம் கட்டளை. ஒரு நாள் காலையில் பொறியாளர் ஒருவர் காப்புநகல் வரியைப் புதுப்பித்தார். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் காப்புநகல் கட்டளையான பிஜி டம்ப் தருவதை, கோப்பைச் சுருக்கும் ஜிசிப்புக்கு அனுப்ப நடுவில் ஒரு குழாய்க்குறியை ( | ) இட்டார். மார்க்டவுன் அதைப் புதிய பத்தியின் தொடக்கமாகக் கொண்டது. தலைப்பு வரியில் இரண்டே பத்திகள் என்பதால் மூன்றாவதைச் சத்தமின்றித் தூக்கியெறிந்தது. வெளியான பக்கத்தில் பாதிக் கட்டளை மட்டுமே இருந்தது. அன்று இரவு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தவரின் திரையில் தரவு பக்கம் பக்கமாக ஓடியது. கோப்பு எதுவும் உருவாகவில்லை. இரவு 2 மணிக்கு என்னை அழைத்தார். ஆவணம் பழையதன்று, அன்று காலைதான் புதுப்பிக்கப்பட்டது. இதற்குத் தென்றல் என்ன சொல்கிறார்?

தென்றல்77: குழாய்க்குறிக்கு முன் ஒரு பின்சாய்வு ( \ ) இட்டிருந்தால் போதும் என்று சொல்கிறேன். 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் அட்டவணையே கிடையாது. அதைப் பின்னர் ஒழுங்குபடுத்திய காமன்மார்க் வரையறையிலும் கிடையாது. அட்டவணை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நீட்டிப்பு. கட்டளையைச் சுற்றி இடும் நிரல் குறிகளுக்குள் இருந்தாலும் குழாய்க்குறிக்கு முன் பின்சாய்வு வேண்டும் என்று அதன் 2017ஆம் ஆண்டு வரையறை தெளிவாகக் கூறுகிறது. விதியைப் படிக்காத பொறியாளரின் தவற்றை வடிவத்தின் தலையில் கட்டுகிறீர்கள். ரஸ்ட் நிரல்மொழியைப் பாருங்கள்: அதன் ஆவணங்கள் மார்க்டவுனில்தான் எழுதப்படுகின்றன, அவற்றிலுள்ள எடுத்துக்காட்டு நிரல்களைச் சோதனையின்போது அம்மொழியின் கருவியான கார்கோ இயக்கிப் பார்க்கிறது, பழையதாகிப்போன எடுத்துக்காட்டு அங்கேயே தோற்கிறது. ஆவணத்தைப் புதிதாக வைத்திருப்பது என்றால் இதுதான்.

ஏட்டுச்சுவடி: நான் கேட்டது குழாய்க்குறியைப் பற்றி, ரஸ்டைப் பற்றி அன்று. பின்சாய்வு வேண்டும் என்ற விதி எனக்கும் தெரியும். அதை மறந்தவருக்கு ஒரு எச்சரிக்கைகூட ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி. ஆவணம் உருவாக்கும் கருவியான ஸ்பிங்க்ஸில், ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்னும் வெற்றுரை வடிவத்தின் பட்டியல் அட்டவணையில் (அட்டவணையைப் பட்டியலாக எழுதும் முறையில்) ஒரு வரிக்கு ஓர் உறுப்பு கூடினாலே பிழை என்று சொல்லிவிடும். எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதச் சொல்லியிருந்தால் பக்கம் உருவாவதே நின்றுவிடும். லினக்ஸ் கர்னல் குழுவினர் 2016இல் டாக்புக் என்னும் பழைய ஆவண வடிவத்தை விட்டு ஸ்பிங்க்ஸுக்குத்தான் வந்தார்கள், மார்க்டவுனுக்கு அன்று.

தென்றல்77: அதே கர்னல் குழுவின் வழிகாட்டி, பட்டியல் அட்டவணையை மூல உரையில் படிப்பவருக்குப் புரிந்துகொள்வது ஏறக்குறைய இயலாதது என்றும், வலுவான காரணமின்றிப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறது. அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? நீங்கள் எப்போதும் புகழும் இன்னொரு வெற்றுரை வடிவமான ஆஸ்கிடாக்கிலும் பத்தியைப் பிரிப்பது அதே குழாய்க்குறிதான்; அங்கும் அதே பின்சாய்வு வேண்டும்.

ஏட்டுச்சுவடி: ஆஸ்கிடாக்கில் பிரிக்கும் குறியையே மாற்றிக்கொள்ளலாம். அட்டவணைக்கு மேலே ஒரு சொல் எழுதினால் முக்காற்புள்ளியே பத்திகளைப் பிரிக்கும். குழாய்க்குறி வெறும் எழுத்தாகிவிடும். மறந்தாலும், கடைசி வரி நிறையாமல் நின்றால் அதன் பக்கங்களை உருவாக்கும் ஆஸ்கிடாக்டர் கருவி எச்சரிக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டம் 2021இல் தன் கையேடுகளை ஆஸ்கிடாக்குக்கு மாற்றியது காரணமில்லாமல் அன்று.

தென்றல்77: கடைசி வரி நிறையாவிட்டால் மட்டும்! இரண்டு வரிகளில் அதே பிழை நேர்ந்தால் உறுப்புகளின் எண்ணிக்கை மீண்டும் இரட்டைப்படையாகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. இதை உங்கள் பதினோரு ஆண்டு அனுபவம் சொல்லித் தரவில்லையா?

ஏட்டுச்சுவடி: வராவிட்டாலும், பிழைக்குக் கீழே உள்ள உறுப்புகள் இடம் மாறி, பார்த்தவுடன் அலங்கோலமாகத் தெரியும், எதுவும் காணாமல் போகாது. மார்க்டவுனில் காணாமல் போகிறது. வேறுபாடு இதுதான், இதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

மேசைப்பணி: வேர்டில் குழாய்க்குறி இட்டால் குழாய்க்குறிதான் வரும். அதன் கோப்பு வடிவமான டாக்எக்ஸ் 2008 முதல் ஐஎஸ்ஓ தரமாக இருக்கிறது. யார் எந்தச் சொல்லை மாற்றினார் என்பதை அது வண்ணத்தில் காட்டுகிறது. எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் கையேட்டைத் திருத்துபவர்கள் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் பெயரையே கேட்டதில்லை. ஆயினும் எங்கள் கையேடு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் திருத்தப்படுகிறது. உங்களுடையவற்றைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தென்றல்77: டாக்எக்ஸ் என்பது எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் மூட்டை. இரண்டு கிளைகளில் (தனித்தனிப் படிகளில்) இருவர் திருத்தினால் கிட்டால் அவற்றை இணைக்க முடியாது. வடிவம் மாற்றும் கருவியான பான்டாக்கை இடையில் வைத்தால் மாற்றங்களைப் பார்க்கலாம்; இணைப்பது மட்டும் நடக்காது.

மேசைப்பணி: இருவர் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திருத்த வேண்டிய தேவை எங்களுக்கு வந்ததில்லை, வேலையைப் பிரித்துக்கொள்ளத் தெரியும். சென்ற மாதம் எழுத்துரு விவாதத்திலும் தென்றல் இப்படித்தான், எவருக்கும் இல்லாத தேவையை எல்லாருக்கும் உரியதாக்கினார்.

கரிசல்காடு: தமிழில் ஆவணம் எழுதுபவனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட்டில் தலைப்பின் கீழே அதன் நீளத்துக்குக் கோடு இட வேண்டும். "கோப்பு வடிவங்கள்" என்ற தலைப்பு கண்ணுக்கு, இடைவெளியைச் சேர்த்து, 10 இடங்கள். 10 சமக்குறிகளை இட்டேன். கோடு குறுகியது என்று எச்சரிக்கிறது, ஏனெனில் கோ, பு, டி ஆகியவற்றின் உயிர்க்குறிகளை அது தனித்தனி இடங்களாக எண்ணுகிறது. மார்க்டவுனில் தலைப்பின் முன் ஒரு கட்டக்குறி ( # ) போதும், எண்ண வேண்டியதே இல்லை.

ஏட்டுச்சுவடி: கோடு நீளமாக இருப்பதைக் கருவி ஏற்றுக்கொள்ளும், எல்லாத் தலைப்புக்கும் 40 சமக்குறிகளை இட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். அது எச்சரிக்கிறது என்பதையும் கவனியுங்கள். மார்க்டவுன் என் கட்டளையைப் பாதியாக வெட்டியபோது எச்சரிக்கவில்லை.

கரிசல்காடு: ஒவ்வொரு தலைப்பிலும் தேவையற்ற எச்சரிக்கை வந்தால் தேவையான எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். தமிழில் எழுதிப் பாராமல் சொல்லாதீர்கள்.

ஏட்டுச்சுவடி: என் முதல் மூன்று கையேடுகளும் தமிழில்தான் எழுதப்பட்டவை. பேச்சைக் குழாய்க்குறியிலிருந்து திருப்ப வேண்டாம்.

தென்றல்77: சரி, குழாய்க்குறிக்கே வருகிறேன். மார்க்டவுன்லின்ட் என்னும் சரிபார்ப்புக் கருவியில் 56ஆம் எண் விதி, அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் பத்திகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறது. அதை இயக்கியிருந்தால் உங்கள் பாதிக் கட்டளை அன்று காலையிலேயே பிடிபட்டிருக்கும். இரவு 2 மணி அழைப்புக்குக் காரணம் மார்க்டவுன் அன்று. சரிபார்ப்புக் கருவி இல்லாமல் கையேட்டை வெளியிட்ட உங்கள் குழுதான்.

ஏட்டுச்சுவடி: ஆக, மார்க்டவுன் ஒன்றே போதும் என்று நேற்று எழுதியவர் இன்று மார்க்டவுனோடு இன்னொரு கருவியும் வேண்டும் என்கிறார். அந்த 56ஆம் எண் விதி மார்க்டவுனின் எந்த வரையறையில் இருக்கிறது? வரையறையின்படி மிகுதியான உறுப்பைப் புறக்கணிப்பதுதான் சரியான நடத்தை. காமன்மார்க்கா, கிட்ஹப் நீட்டிப்பா, வேறு ஏதாவதா, எந்த மார்க்டவுனைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதையாவது முதலில் சொல்லுங்கள்.

தென்றல்77: பின்சாய்வு இட வேண்டிய மார்க்டவுனைப் பற்றித்தான். முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன்.

ஏட்டுச்சுவடி: இட மறந்தால் சத்தமின்றி வெட்டும் மார்க்டவுனைப் பற்றி நானும் முதல் பதிவிலேயே கேட்டுவிட்டேன்.