உடுவில் தொகுதி எங்கே போனது? மானிப்பாய்க்கு இப்போது எம்பி யார்?

உடுவில் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை அப்பப்பாவின் றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கும்போது காணி உறுதிகளுக்கு நடுவில் இரண்டு வாக்காளர் அட்டைகள் அகப்பட்டன. ஒன்று 1970, மற்றது 1977. முதல் அட்டையில் தொகுதி 'உடுவில்' என்று இருக்கிறது, இரண்டாவதில் 'மானிப்பாய்'. வீடு அதே வீடு, ஒழுங்கையும் அதே ஒழுங்கை. அப்பம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கட ஊர்ப் பேரை எடுத்துப் போட்டாங்கள் எண்டு அவருக்குச் சரியான கவலை" என்றா. அதற்கு மேல் அவவுக்கு ஞாபகம் இல்லை.

உண்மையில் என்ன நடந்தது? 2024 தேர்தல் முடிவு வந்தபோதும் தொலைக்காட்சியில் 'மானிப்பாய்த் தொகுதி' என்று தனியாகக் காட்டினார்கள், அப்படியென்றால் மானிப்பாய்க்கு என்று ஒரு எம்பி இருக்க வேண்டுமே, அவர் யார்? தேடிப் பார்த்தேன், குழப்பம்தான் கூடியது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். பிளாஸ்டிக் உறையில் போடும்போது பசை படாமல் பாருங்கள்.

உடுவிலும் ஆதியிலிருந்து இருந்த தொகுதி இல்லை. 1947இல் வடமாகாணம் முழுவதற்கும் 9 தொகுதிகள்தான். குடாநாட்டுக்குள் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, கோப்பாய், பருத்தித்துறை, சாவகச்சேரி என்று ஏழு, வெளியே மன்னாரும் வவுனியாவும். 1959இல் எல்லைகளைத் திரும்ப வகுத்தபோது நல்லூர், உடுவில், உடுப்பிட்டி, கிளிநொச்சி நான்கும் புதிதாக வந்தன. 1960 மார்ச்சில் உடுவிலின் முதலாவது எம்பியாகத் தமிழரசுக் கட்சியின் வி. தர்மலிங்கம் வந்தார். அதே ஆண்டு ஜூலையில் திரும்பத் தேர்தல், பிறகு 1965, 1970, நான்கிலும் அவர்தான்.

1976இல் இன்னொரு எல்லை நிர்ணயம். முல்லைத்தீவு புதிதாக வந்து வடக்கு 14 ஆனது. உடுவில் தொகுதியின் எல்லையை மாற்றி மானிப்பாய் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் அப்பப்பாவின் கவலை விளங்குகிறது, ஊர்ப் பெயர் தொகுதிப் பெயராக இருந்தது 17 வருடங்கள்தான்.

1977 ஜூலை 21 எனக்கு முதல் வாக்கு. வயது 19. வாக்குச்சீட்டு என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான், தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி, அவ்வளவுதான் வேலை. அன்று இரவு எங்கள் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் வானொலியைச் சுற்றி இருந்து விடியவிடிய முடிவு கேட்டோம். ஒவ்வொரு தொகுதியாகச் சொல்லச் சொல்ல, ஐயா பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். வடக்கில் பதினாலும் கூட்டணிக்கு. மானிப்பாயில் தர்மலிங்கம்.

மானிப்பாய் என்ற பெயரில் பாராளுமன்றத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் காலத்தை நீட்டினார்கள். 1983 ஓகஸ்டில் யாப்பின் ஆறாம் திருத்தம் வந்தது, தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று எம்பிக்கள் சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள், கூட்டணி எம்பிக்கள் அதை எடுக்க மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். 1985 செப்டம்பர் 2ஆம் திகதி தர்மலிங்கத்தையும் கோப்பாய் எம்பியாக இருந்த ஆலாலசுந்தரத்தையும் கொன்றார்கள். அடுத்த பொதுத்தேர்தல் 1989இல், அப்போது தொகுதிக்கு ஒரு எம்பி என்ற முறையே இல்லை. ஒரே ஒரு தேர்தல் கண்ட தொகுதி தம்பி அது. எழுதும்போதே மனம் கனக்கிறது.

மருதடி:
வாத்தியார் ஐயா பழைய கதையைச் சொல்லிவிட்டார், இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். மானிப்பாய்க்கு என்று தனி எம்பி யாரும் இல்லை. 1978 யாப்பில், கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்ப ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்தபிறகு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பதுதான் கணக்கு. பழைய 11 தொகுதிகள் அதற்குள் வாக்கெண்ணும் பிரிவுகளாக மட்டும் இருக்கின்றன, தொலைக்காட்சியில் காட்டியது அதைத்தான். கிளிநொச்சி 1984இல் தனி நிருவாக மாவட்டமாகப் போனாலும் தேர்தலுக்கு இன்னும் எங்களோடுதான்.

2024இல் யாழ். மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17க்கு 27,855. ஆசனம் 6. முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ் ஒன்று, மிச்சம் 5. ஒரு ஆசனத்துக்குரிய வாக்கைக் கழித்தபிறகு யாரிடம் கூட மீதி இருக்கிறதோ அவர்களுக்கு அடுத்தது. அப்படித்தான் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு 3, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று. தமிழரசு இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தும் தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளோடு சமமாக நிற்பது இந்த மீதிக் கணக்கால்தான்.

என்னைச் சுட்ட எண் வேறு. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,767. மூன்றாவதாக வந்த கட்சியின் வாக்கை விடக் கூட! 44 அணிகள், 396 வேட்பாளர்கள். சீட்டு முழங்கை நீளம். முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு கீழே விருப்பு இலக்கத்துக்கு மூன்று வரை. எங்கள் பெரியம்மா மறைப்புக்குள் போய் வர ஐந்து நிமிடம் எடுத்தா. வெளியே வந்து, மூன்று இலக்கத்துக்கும் சரியாகப் போட்டேன் என்று சந்தோசமாகச் சொன்னா. கட்சிக்கு எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். முகம் அப்படியே மாறிவிட்டது.

கிளிநொச்சிப் பிள்ளை:
எங்கள் பக்கத்தையும் சொல்லட்டுமா. 1960இல் கிளிநொச்சி புதுத் தொகுதியாக வந்தபோது குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து வந்து காடு வெட்டியவர்களுக்கு அது பெரிய விசயம் என்று எங்கள் அப்பு சொல்வார். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போவது என்று தெரிந்திருந்தது. 1970இலிருந்து 1983 வரை ஆனந்தசங்கரி எம்பி, பிடிக்கிறதோ இல்லையோ படலையில் போய் நிற்க ஒரு வீடு இருந்தது. இப்போது எங்கள் குறுக்கு வீதி மதகு உடைந்து இரண்டு மாரி போய்விட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் போகிறார்கள், ஆறு பேரில் யாருக்குக் கடிதம் எழுதுவது? ஒருவரின் அலுவலகத்துக்குப் போனால் அது மற்றவரின் ஆட்கள் இருக்கிற இடம் என்கிறார்கள். எனக்குத் தொகுதி முறை திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பிள்ளை, உங்கள் மதகுக் கதை நியாயம். ஆனால் 1977இன் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். நாடு முழுக்க ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேல் வாக்கெடுத்து 168இல் 140 ஆசனம் பிடித்தது. சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்து 8 ஆசனம். எங்கள் கூட்டணி 7 வீதம்கூட இல்லை, 18 ஆசனம், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். எங்களுக்கு அன்று நன்மை, உண்மை. அதே முறை 2024இல் இருந்திருந்தால், வாக்கு இப்படிச் சிதறிக்கிடக்கிற மாவட்டத்தில், நாலில் ஒரு பங்கு வாக்கோடு ஒரு கட்சி அநேகமான தொகுதிகளை அள்ளியிருக்கலாம். 2018இலிருந்து உள்ளூராட்சியில் இருப்பதுபோல வட்டாரத்துக்கு ஒருவர், மிச்சத்துக்கு விகிதாசாரம் என்ற கலப்புத்தான் ஓரளவு சரி என்பது என் எண்ணம்.

இன்னொன்று. 1989இல் எங்கள் மாவட்டத்துக்கு 11 ஆசனம். 2010இல் 9, 2015இல் 7, இப்போது 6. பதிவு செய்த வாக்காளர் தொகையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், போரிலும் வெளிநாட்டிலுமாக எத்தனை வீடு பூட்டிக்கிடக்கிறது என்று உங்கள் ஒழுங்கையிலேயே எண்ணிப் பாருங்கள். எந்த முறை வந்தாலும் இந்த எண் குறைந்துகொண்டு போனால் என்ன செய்வது? 18 வயது வந்த பிள்ளைகளின் பெயரை இடாப்பில் பதியுங்கள், கிராம சேவகர் படிவம் கொண்டுவரும்போது கேற்றைத் திறவுங்கள்.

உடுவில் பேரன்:
எல்லாருக்கும் நன்றி, வாத்தியார் ஐயாவுக்கு விசேடமாக. அப்பம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். தர்மலிங்கத்தின் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னா, கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அப்பப்பா ஊர்ப் பெயர் போன கவலையிலும் அவருக்குத்தான் புள்ளடி போட்டவர் என்று சொன்னா. எங்கள் ஒழுங்கையில் எண்ணிப் பார்த்தேன் ஐயா, 23 வீட்டில் 9 பூட்டு. என் தங்கச்சிக்குப் போன மாதம் 18 முடிந்தது, நாளைக்குக் கிராம சேவகரிடம் போகிறோம்.