தாத்தா கடிகாரத்தை அலமாரி ஆக்க யோசனை சொல்லுங்கள்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீட்டுத் தார்சாவில் ஆளுயரக் கடிகாரம் ஒன்று நிற்கிறது. தேக்குப் பெட்டி, கண்ணாடிக் கதவு. ஓடி இருபது வருஷம் இருக்கும். இரண்டு பேரிடம் காட்டினோம். பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். பழைய சாமான்காரர் சொன்ன விலையைக் கேட்டு ஆச்சி அன்று சாப்பிடவே இல்லை.

சரி, அலமாரியாக்கிவிடலாம் என்று இருக்கிறேன். இந்த வகையில் ஊசலே ஏறத்தாழ 1 மீட்டர் நீளம், ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி. அது ஆடிய இடம் முழுக்க இப்போது காலி. அகலம் 14 அங்குலம், ஆழம் 8. புத்தகம் அடுக்கலாம், ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்துக்கும் இடம் இருக்கும். முகப்பைத் தொடக் கூடாது என்பது மட்டும் ஆச்சியின் கட்டளை.

பெட்டியில் ஆணி அடிக்க மனசில்லை. பக்கவாட்டில் சிறு கட்டைகளை ஒட்டி, மேலே பலகையை உட்கார வைத்தால் புத்தகக் கனம் தாங்குமா? எடைக்குண்டுகளை எடுத்துவிட்டதால் பெட்டி லேசாக ஆடுகிறது. சுவரோடு பிடிக்கலாம் என்றால் எங்களுடையது பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், திருகு நிற்குமா தெரியவில்லை.

அப்புறம் பாலிஷ். மூலையில் ஸ்பிரிட் தொட்டேன், பிசுபிசுத்தது. அரக்குப் பாலிஷ்தான் போல. அதன் மேலேயே வார்னிஷ் அடிக்கலாமா, சுரண்டத்தான் வேண்டுமா? அடிப்பலகையில் மாவு மாதிரி பொடி வேறு உதிர்கிறது. உளுவுக்கு என்ன மருந்து வைப்பீர்கள்?

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் பழைய மரத்தைப் பதமாகக் கையாளும் ஆசாரி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். கூலி பிரச்சினை இல்லை, அவசரப்படாதவராக இருந்தால் போதும்.